விரலில் 98, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது: உடலியல் கேள்வி – பதில்

(அரசு மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மருத்துவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். ரத்தம் செல்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் இடத்தைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள்.)

என் மகளுக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. ஆனால் கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, பேரீச்சம்பழம் கொடு, சரியாயிடும்" என்கிறார் என் மாமியார். எதை நம்புவது, டாக்டர் அம்மா?
– வாசகி, உசிலம்பட்டி

இரண்டு எண்களுமே உண்மைதான் அம்மா. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய எண் 6.8. இந்த வாரமே அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எப்படி இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்கிறேன், மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என்று இரண்டை அனுப்புகிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஓயாகி 1974இல் கண்டுபிடித்த வழி அது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கும் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்று அது கணக்கிடும். மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. ஊருக்கு வரும் பஸ்களில் எல்லா சீட்டும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, "நிரம்பியிருக்கிறது" என்று சொல்வது போல. பதினைந்து பஸ் வர வேண்டிய இடத்துக்கு ஏழுதான் வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

கணக்காகவே பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மில்லி ஆக்சிஜன். பெண்களுக்கு 12 இருந்தாலே 16 மில்லி வந்துவிடும். உங்கள் மகளுக்கு 6.8 என்றால் சுமார் 9 மில்லிதான். ஹீமோகுளோபினில் ஏறாமல் ரத்த நீரில் வெறுமனே கரைந்திருப்பது 100 மில்லிக்கு 0.3 மில்லி மட்டுமே. அது கைகொடுக்காது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலிருந்தும் உடல் சுமார் 5 மில்லியை எடுத்துக்கொள்கிறது. 20 இருப்பவருக்கு மீதி 15 கையிருப்பாக நிற்கும். ஓடினாலும் மாடி ஏறினாலும் தசைகள் அந்தக் கையிருப்பில் கை வைக்கும். உங்கள் மகளுக்கு மீதி 4தான். தசை கேட்கிறது, கொடுப்பதற்கு இல்லை. உடனே இதயம் அதே ரத்தத்தை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கப் பார்க்கிறது. அவள் சொல்லும் படபடப்பு அதுதான். நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கருவியில் 98 வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரத்தசோகை மெல்ல மெல்ல வரும்போது சிவப்பணுக்களுக்குள் பிஸ்பாஸ்போகிளிசரேட் என்ற பொருள் கூடுகிறது. அது ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும், இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனாவது செல்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். இந்தச் சமாளிப்பால்தான் நம் ஊரில் எத்தனையோ பெண்கள் ஏழிலும் எட்டிலும் வருடக்கணக்கில் சமைக்கிறார்கள், களை பறிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். கேட்டால் "பழகிப்போச்சு" என்பார்கள். எனக்கு மனம் ஆறாத விஷயம் இது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அவர்களில் பலரை வீட்டில் சோம்பேறி என்று பேசியிருப்பார்கள்.

இனி செய்ய வேண்டியது. 6.8 என்பது கடுமையான ரத்தசோகை. மாத்திரை போதுமா, ஊசியா, ரத்தம் ஏற்ற வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் தானாகச் சொல்ல மாட்டார்கள். குடற்புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூடச் சேரட்டும். டீ, காபி அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எண் 12க்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடலின் இரும்பு இருப்பு நிரம்புவதற்கு அதன் பிறகும் மூன்று மாதம் போலச் சாப்பிட வேண்டியிருக்கும். பேரீச்சம்பழம் தாராளமாகக் கொடுங்கள், மாமியார் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் 6.8ஐ 12 ஆக்க அது போதாது.

எங்கள் புத்தகத்தில் "திசுக்களில் வாயுப் பரிமாற்றம் விரவல் முறையில் நடைபெறுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிக்கிறது, திசுவில் விடுகிறது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும், மேடம்?
– பிளஸ் டூ மாணவர், அரியலூர்

நான் பாடம் எடுத்த காலம் முழுக்க யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி இது, தம்பி.

முதலில் அழுத்தங்களைப் பார். நுரையீரலின் காற்றறைகளில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம்) 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். தமனி ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த ரத்தம் தசைக்குள் தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக்குழாய்களில் நுழையும்போது, வெளியே செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் அழுத்தம் 40தான். செல்லுக்குள்ளே இன்னும் குறைவு, சராசரியாக 20ஐ ஒட்டி. செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்றிரண்டு மி.மீ. இருந்தாலே வேலை நடக்கும். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆக்சிஜன் போகிறது. இதுதான் விரவல். யாரும் தள்ளுவதில்லை, ஆற்றல் செலவும் இல்லை. ஆனால் இந்த இறக்கத்தை உண்டாக்குவது யார் என்று யோசித்தாயா? செல்தான். அது ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால்தான் அங்கே அழுத்தம் குறைவாக நிற்கிறது. செலவு நின்றால் பரிமாற்றமும் நின்றுவிடும். சயனைடு விஷத்தில் நடப்பது அதுதான்: செல்லால் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாது, சிரையில் திரும்பும் ரத்தம்கூடப் பளிச்சென்று சிவப்பாகவே இருக்கும்.

அடுத்தது ஹீமோகுளோபின். ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள், நான்கு ஆக்சிஜன். ஒன்று சேர்ந்தால் மூலக்கூறின் வடிவம் கொஞ்சம் மாறி அடுத்தது சேர்வது எளிதாகிறது. ஒன்று விலகினால் மற்றவை விலகுவதும் எளிதாகிறது. இதனால் எந்த அழுத்தத்தில் எவ்வளவு நிரம்பும் என்று காட்டும் அதன் வரைகோடு நேராகப் போகாமல் வளைந்து போகிறது. அழுத்தம் 100 இருக்கும்போது 97 சதவீதம் நிரம்பியிருக்கும். 40க்கு இறங்கினால் 75 சதவீதம். அதற்குக் கீழே கோடு செங்குத்தாக விழுகிறது, 27ஐ நெருங்கும்போது பாதி காலி. ஆக, உழைக்கும் தசையில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கினாலே நிறைய ஆக்சிஜன் கொட்டிவிடும். உழைக்கும் தசை கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துபவை. தேவை அதிகமுள்ள இடத்தில் கொடுப்பதும் அதிகம். அதற்கு எதுவும் "தெரிந்திருக்க" வேண்டியதில்லை, சுற்றுப்புறமே முடிவு செய்துவிடுகிறது.

கரியமில வாயுவின் இந்த விளைவை 1904இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர், தன்னுடன் வேலை செய்த ஹாசல்பால்க், ஆகஸ்ட் க்ரோ ஆகியோருடன் சேர்ந்து காட்டினார். அணு அமைப்பில் நீ படிக்கும் நீல்ஸ் போரின் அப்பா அவர். எவ்வளவு பெரிய ஆய்வாளர், ஆனால் நுரையீரல் ஆக்சிஜனைத் தானே முயன்று ரத்தத்துக்குள் சுரக்கிறது என்று நம்பினார். அவரிடம் உதவியாளராக இருந்த க்ரோவும், க்ரோவின் மனைவி மரீயும் பொறுமையாக அளந்து, வெறும் விரவலே போதும் என்று 1910இல் நிறுவினார்கள். குருவின் கருத்துக்கு எதிராக எழுதுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. க்ரோ அதோடு விடவில்லை. விரவல் மட்டுமே என்றால், ஓடும்போது தசைக்கு அத்தனை ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று கேட்டார். ஓய்வில் மூடிக் கிடக்கும் தந்துகிகள் வேலையின்போது திறக்கின்றன, செல்லுக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறைகிறது என்று கண்டார். 1920இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தூரம்தான் முக்கியம். விரவலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஒரு சிவப்பணு தந்துகியில் இருப்பது ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் கொடுக்கல் வாங்கல் முடிய வேண்டும். அதனால்தான் தந்துகியின் சுவர் ஒற்றைச் செல் தடிமன், உடலின் பெரும்பாலான செல்கள் ஏதோ ஒரு தந்துகிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. நாங்கள் மாணவிகளாக இருந்தபோது தவளையின் கால்விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்ப்போம். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, குழாய்க்குள் நுழைய முடியாமல் வளைந்து நெளிந்து, சில சமயம் கிளை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுவரில் மடங்கி நின்று, பிறகு நழுவிப் போகும். நம் உடலிலும் அப்படித்தான். 7.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அகலமுள்ள சிவப்பணு அதைவிடக் குறுகிய குழாய்களில்கூட உடலைச் சுருக்கிக்கொண்டு போகிறது. சுவரோடு உரசிப் போவதால் ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் இன்னும் குறைகிறது. உங்கள் ஊர்க் கல்லூரி எதிலாவது விலங்கியல் துறை இருந்தால், ஓடும் தந்துகியின் காணொளியையாவது காட்டச் சொல். தேர்வுக்கு அந்த ஒற்றை வரியையே எழுது, ஆனால் நீ அதோடு நின்றுவிடாதே.

சிரைகளில் ஓடும் கெட்ட ரத்தம் நீல நிறம் என்பது உண்மையா?
– வாசகர், பரமக்குடி

இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் குழாயைப் பாருங்கள், அது சிரை ரத்தம்தான், அடர்சிவப்பு. தோலுக்கு மேலிருந்து பார்க்கும்போது ஒளி தோலில் சிதறும் விதத்தால் நீலமாகத் தெரிகிறது. கெட்ட ரத்தமும் அல்ல, அதில் இன்னும் முக்கால்வாசி ஆக்சிஜன் மீதி இருக்கிறது. உதடும் நாக்கும் நீலம் பூத்தால் மட்டும் அவசரம். அப்படி நீலம் தெரிய, தந்துகி ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் இல்லாமல் இருக்க வேண்டும். கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கு மொத்த இருப்பே குறைவு என்பதால் ஆபத்து நிலையிலும் உதடு நீலமாகாமல் வெளுத்தே இருக்கலாம். உசிலம்பட்டி அம்மா இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 58 வயது. வேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சியின்போது விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல இருக்கிறது, தலை சுற்றுகிறது. உடம்பில் ஆக்சிஜன் நிறைய ஏறுவதால் அப்படி, கெட்ட காற்று வெளியேறுகிறது, நல்லதுதான் என்கிறார் பயிற்சியாளர். சரியா?
– வாசகர், கும்பகோணம்

சரியில்லை ஐயா. உங்கள் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 97, 98 சதவீதம் நிரம்பிவிட்டது. வேகமாக மூச்சு விட்டால் அதில் மேற்கொண்டு ஏற்றுவதற்குப் பெரிதாக இடமில்லை. குறைவது கரியமில வாயு. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் தலைசுற்றல். ரத்தத்தின் அமிலத்தன்மை இறங்கும், தனியாக மிதக்கும் கால்சியம் குறையும், அதனால் ஊசி குத்தல். போதாததற்கு ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உங்கள் மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கூடவில்லை, குறைந்திருக்கிறது.

கரியமில வாயுவைக் குப்பை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓய்வில் செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி உற்பத்தி செய்கின்றன. அது சிவப்பணுவுக்குள் போய் நீரோடு சேர்ந்து, பெரும்பகுதி, 70 சதவீதம் போல, பைகார்பனேட்டாக மாறிப் பயணம் செய்கிறது. தானாக நடந்தால் இந்த மாற்றம் அந்த ஒரு விநாடிக்குள் முடியாது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி முடுக்கிவிடுகிறது. 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் அதைக் கண்டுபிடித்தார்கள். மீதியில் பெரும்பங்கு ஹீமோகுளோபினின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் அப்படியே கரைந்து போகிறது. இந்தப் பைகார்பனேட்தான் ரத்தத்தின் அமில–கார அளவைத் தடுமாறாமல் வைத்திருக்கிறது. அடுத்த மூச்சை எப்போது எடுப்பது என்று மூளை முடிவு செய்வதும் பெரும்பாலும் இந்த வாயுவின் அளவைப் பார்த்துத்தான்.

மெதுவாக, நீளமாக மூச்சு விடும் பயிற்சி நல்லது, தொடருங்கள். வேகப் பயிற்சியில் தலை சுற்றினால் அங்கேயே நிறுத்தி, உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள், சில நிமிடங்களில் சரியாகிவிடும். ரத்த அழுத்தமோ இதய நோயோ வலிப்போ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ நெஞ்சு வலித்தாலோ பயிற்சியின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

என் பையனுக்குச் சிக்கிள் செல் நோய். குளிர்காலத்திலும் காய்ச்சல் வந்தாலும் கை, கால், முதுகு எலும்பு வலியில் துடிக்கிறான். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் இப்படி, டாக்டர் அம்மா?
– வாசகி, கூடலூர், நீலகிரி

உங்கள் மலைக்கும் இந்த நோயின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு அம்மா. இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல், லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள்.

பையனின் ரத்தம் நுரையீரலில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சிக்கல் அதைக் கொடுக்கும் இடத்தில். அவனுடைய ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஆக்சிஜனை விட்டதும் அந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகின்றன, சிவப்பணு அரிவாள் வடிவில் விறைத்துப்போய் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள எலும்புக்கு ஆக்சிஜன் இல்லை. அந்தத் தவிப்புதான் வலி. தயவுசெய்து அவன் நடிக்கிறான் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

ஆக்சிஜனை விட்ட மறுகணமே கம்பி உருவாகிவிடுவதில்லை, சிறிது நேரம் பிடிக்கும். ரத்தம் வேகமாக ஓடினால் பெரும்பாலான அணுக்கள் வடிவம் கெடுவதற்குள் தந்துகியைத் தாண்டி நுரையீரலுக்குத் திரும்பிவிடும். குளிரில் குழாய்கள் சுருங்கும், தண்ணீர் குறைந்தால் அணுக்கள் வற்றும், ஓட்டம் மந்தமாகும், கம்பி உருவாக அவகாசம் கிடைத்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் ஸ்வெட்டரையும் தண்ணீரையும் அத்தனை வற்புறுத்துகிறார்கள். பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும், வகுப்பில் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் விடச் சொல்லி ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள். ஹைட்ராக்சியூரியா மருந்து கொடுத்திருந்தால் வலி இல்லாத நாளிலும் விடக் கூடாது. காய்ச்சல், நெஞ்சு வலியோடு மூச்சுத்திணறல், திடீரென வயிறு வீங்கி வெளிறிப்போவது, ஒரு பக்கக் கை கால் பலவீனம், இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். 2023இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனை இலவசமாக நடக்கிறது, வீட்டில் மற்றவர்களுக்கும் எடுத்துவிடுங்கள். அப்பா, அம்மா இருவரும் இந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இது சாபமும் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை.

மலைப்பிரதேசத்தில் தங்கியபோது குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு வைத்தோம். எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. ஆக்சிமீட்டர் 97 காட்டியதால் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்தோம்.
– வாசகர், திண்டுக்கல்

பிழைத்து வந்தீர்களே, அதுவே பெரிது. மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமும் வாசனையும் கிடையாது. ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டும். மீதமுள்ள ஆக்சிஜனையும் திசுவில் விடாமல் செய்துவிடும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏற்றியது போலவே தெரிவதால் நல்ல எண்ணையே காட்டும். இனி அறைக்குள் கரி அடுப்போ ஜெனரேட்டரோ வேண்டவே வேண்டாம். ஒரே அறையில் பலருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். அதன் பிறகு மருத்துவமனை, அங்கே சுத்த ஆக்சிஜன் கொடுப்பார்கள்.

கரப்பான்பூச்சியை அடித்தால் வெள்ளையாக ஏதோ வருகிறது. அதற்கு ரத்தமே இல்லையா?
– ஏழாம் வகுப்பு மாணவி, சிவகாசி

இருக்கிறது கண்ணா, ஆனால் ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை அதற்கு இல்லை. கரப்பான்பூச்சியின் உடலில் இரண்டு பக்கமும் சிறு துளைகள் உண்டு. அங்கிருந்து காற்றுக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து செல்கள் வரைக்கும் நேராகப் போய்விடும். அதனால் ஹீமோகுளோபின் தேவைப்படவில்லை, சிவப்பும் இல்லை. அண்டார்டிகா கடலில் முதுகெலும்புள்ள ஒரு மீன் குடும்பத்துக்கும் ஹீமோகுளோபின் கிடையாது, ரத்தம் நிறமற்றது. நார்வே நாட்டு ஆய்வாளர் ரூட் 1954இல் அதைப் பற்றி எழுதினார். உறையும் குளிரில் தண்ணீரிலும் ரத்தத்திலும் ஆக்சிஜன் அதிகம் கரையும், இதயமும் பெரிது, அதை வைத்துச் சமாளிக்கிறது. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளில் இரும்புக்குப் பதில் தாமிரம். வீட்டில் நண்டு சுத்தம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார். உடைத்த காலிலிருந்து கசியும் நீர் காற்றுப் பட்டால் லேசான நீலமாக மாறும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தால் நன்றாகத் தெரியும்.